வீட்டு முற்றத்தில் மாருதி 800 இன்ஜினை மாற்றுவது எப்படி?

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 இன்றும் தமிழ்நாட்டின் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றுள் பல கார்களின் நிலை ஒன்றுதான்: பாடி நன்றாக இருக்கிறது, கதவுகள் சரியாக மூடுகின்றன, ஆனால் இன்ஜின் தளர்ந்துவிட்டது. இந்தக் காரில் இருப்பது 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட, முன்சக்கரங்களை ஓட்டும் சிறிய பெட்ரோல் இன்ஜின். எடை குறைவு, வயர்கள் குறைவு, பானெட்டுக்குள் கை நுழைய இடமும் உண்டு. அதனால்தான், வீட்டிலேயே இன்ஜின் மாற்றிப் பழக விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கார் வேறு இல்லை என்று சொல்வேன்.

ஆயில் மாற்றுதல், பிளக் மாற்றுதல், பிரேக் ஷூ மாற்றுதல் போன்றவற்றைத் தன் கையால் செய்து பார்த்தவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஸ்பானரே பிடிக்காதவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம். முதல்முறை செய்பவருக்கு, உதவிக்கு ஓர் ஆளோடு, முழுதாக மூன்று நாட்கள் தேவைப்படும். அதில் இன்ஜினைத் தூக்கி இறக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் கழற்றுவதற்கும், துடைப்பதற்கும், பார்ப்பதற்கும், அடையாளமிடுவதற்கும்தான் போகும். கழற்றும்போது காட்டும் ஒழுங்குதான் மாட்டும்போது வேலையை எளிதாக்குகிறது என்பதை இரண்டு கார்களில் கண்டறிந்திருக்கிறேன். அதனால் அந்தப் பகுதிகளையே விரிவாகச் சொல்கிறேன்.

இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா?

புகை வருகிறது என்பதற்காக உடனே இன்ஜினை இறக்கிவிடக் கூடாது. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் வால்வு சீல்கள் தேய்ந்ததன் அறிகுறி. அதற்கு இன்ஜினை இறக்கவே தேவையில்லை. மேடு ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் தொடர்ந்து நீலப்புகை வந்து, ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீர் குறைவது, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போனதன் அறிகுறி. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, சுத்தியலால் தட்டுவது போன்ற கனத்த ஓசை வந்தால் பேரிங்குகள் போய்விட்டன என்று பொருள்.

உறுதி செய்துகொள்ள, சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று போதும். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, மூன்று பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் போகாமல் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ அளவிலோ அதற்கு மேலோ காட்டும். மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடியும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் குறை வால்வுகளில் இருக்கிறது. வால்வுக் குறை என்றால் ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்துவிடலாம். ரிங்கும் பேரிங்கும் சேர்ந்து போயிருந்தால்தான் இன்ஜின் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த இன்ஜினை வாங்குவது?

மாருதி 800இல் தொடக்க காலத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட இன்ஜின்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி, மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வகை வந்தது. புதியவர் இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. கார்புரேட்டர் காரில் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை வைத்தால் பெட்ரோல் பம்ப், வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் மாற்ற நேரிடும். ஆம்னியின் இன்ஜினும் இதே குடும்பம்தான், ஆனால் அது நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டுவது, ஆகவே சுற்றுப் பாகங்கள் மாறுபடும். ஆல்ட்டோவில் வந்ததும் 796 சி.சி. தான் என்றாலும், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் கொண்ட வேறு ஹெட் அதில் இருக்கிறது. உங்கள் காரில் இப்போது இருக்கும் அதே வகை இன்ஜினையே தேடுங்கள். வேலையும் எளிது, பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கம் சொல்லவும் எளிது.

சென்னையில் உள்ளவர்களுக்கு, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை தெரிந்திருக்கும். மற்ற ஊர்களிலும் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகள் உண்டு. அங்கே தரையில் கிடக்கும் இன்ஜினைவிட, இன்னும் காரிலேயே இருந்து, கண்முன்னால் ஸ்டார்ட் செய்து காட்டப்படும் இன்ஜின் எவ்வளவோ மேல். அப்படிக் கிடைக்காவிட்டால், கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கும் இன்ஜினைக் கேளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கியர்பாக்ஸ் பக்கத்தில் அமர்வதால், ஒரு பேட்டரியைக் கொண்டுபோய் இணைத்து அங்கேயே கம்ப்ரஷன் பார்த்துவிடலாம்.

எதுவும் இயலாத நிலையில், கண்ணையும் கையையும் நம்ப வேண்டியதுதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை விரலால் வழித்துப் பாருங்கள். தயிர் கடைந்ததுபோல் வெளுத்த பசை விரலில் ஒட்டினால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த இன்ஜின் வேண்டாம். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் உள்ள புல்லி போல்ட்டில் பாக்ஸ் ஸ்பானர் போட்டுப் பிளக்குகள் இல்லாத நிலையில் இரண்டு சுற்றுகள் சுற்றுங்கள். எங்கும் தடைபடாமல், ஒரே சீரான இறுக்கத்தோடு சுழல வேண்டும். அடியில் ஆயில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஒட்டியிருக்கும் ஆயிலை வெயிலில் பாருங்கள். மினுமினுப்பாகச் செம்பு நிறத் துகள்கள் தெரிந்தால் பேரிங் உரிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்ஜின் எண். பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும் அந்த எண் தெளிவாக, அராவிய தடமோ மறுபடி வெட்டிய தடமோ இல்லாமல் இருக்க வேண்டும். எண் குறிக்கப்பட்ட ரசீதும், அந்த இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் காகிதமில்லாத இன்ஜின் உங்கள் காரையே சட்டச் சிக்கலுக்குள் இழுத்துவிடும்.

இடமும் தூக்கும் ஏற்பாடும்

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டு புதையும், டைல்ஸ் தரையில் ஆயில் சிந்தினால் கால் வழுக்கும். கார் நிற்கும் இடத்துக்கு முன்னால் குறைந்தது ஆறடி இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

தூக்குவதற்கு ஒரு டன் தாங்கும் செயின் பிளாக்கும், அதைத் தொங்கவிட இரும்புக் குழாயில் செய்த முக்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். சக்கரம் வைத்த இன்ஜின் கிரேன் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த இன்ஜினை மூன்று பேர் சேர்ந்து கையாலேயே தூக்கிவிடுவதைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அது அனுபவசாலிகள் செய்வது, நீங்கள் செய்யாதீர்கள். முதல்முறை நான் இந்த வேலையைச் செய்தபோது, போர்ட்டிகோ கூரையில் மின்விசிறிக்காக விட்டிருந்த கொக்கியில் செயின் பிளாக்கை மாட்டினேன். இன்ஜின் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்ததுமே கொக்கியைச் சுற்றியிருந்த கூரைப் பூச்சு பெயர்ந்து பொடிப்பொடியாக என் தோளில் விழுந்தது. நல்லவேளையாக உடனே இறக்கிவிட்டேன். மின்விசிறியைத் தாங்க வைத்த கொக்கி மின்விசிறியை மட்டுமே தாங்கும். சன்ஷேடு, மரக்கிளை, ஓட்டு வீட்டு உத்தரம் எதுவும் இதற்கு ஆகாது.

இவற்றோடு, ஒரு ஜோடி ஸ்டாண்டுகள், ஜாக்கி, 8 முதல் 24 மி.மீ. வரையிலான ரிங் ஸ்பானர்களும் பாக்ஸ் ஸ்பானர்களும், போல்ட்டை இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், இரண்டு நெம்புகோல்கள், ஆயில் பிடிக்க அகலமான தட்டு ஆகியவை வேண்டும். அருகில் ஒரு வாளி மணலையோ தீயணைப்பானையோ வையுங்கள். உங்கள் காரின் வகைக்குரிய சர்வீஸ் மேனுவல் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய டார்க் அளவை அதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கழற்றும் வரிசை

வேலையைத் தொடங்கும் முன் பானெட்டைத் திறந்து, கைபேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். பிறகு, மூடி போட்ட சிறு டப்பாக்கள் பத்துப் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் காகித டேப் ஒட்டி, எந்தப் பாகத்தின் போல்ட் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டை, முடிந்த இடத்திலெல்லாம், அது இருந்த துளையிலேயே இரண்டு மரை திருப்பி விடுவது இன்னும் நல்ல பழக்கம். ஒவ்வொரு வயர் முனைக்கும் ஹோஸ் முனைக்கும் டேப் சுற்றி எண் எழுதி, அது போய்ச் சேரும் இடத்திலும் அதே எண்ணை எழுதுங்கள். கார்புரேட்டர் காரில் மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள் ஒன்றுபோலவே தோன்றும். எண் போடாமல் பிடுங்கினால், பிறகு இன்ஜின் ஐடிலில் நிற்காமல் நாள் முழுதும் தேட வேண்டிவரும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும், அடுத்துப் பாசிட்டிவையும் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. காராக இருந்தால், பேட்டரியைத் தொடும் முன்பே, பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் குழாயில் உள்ள அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஹோஸைக் கழற்றியதும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். பானெட் கீல்களைச் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்த பிறகு பானெட்டைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டில் வைத்தால் இடைவெளி சரியாக அமையும்.

இன்ஜின் முழுதும் ஆறிய பின் கூலன்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்துவிடுங்கள். கூலன்ட் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு, தெருநாயோ பூனையோ நக்கிவிடாமல் உடனே மூடி வையுங்கள். பிறகு ரேடியேட்டரை விசிறியோடு சேர்த்து எடுத்துவிட்டால் முன்பக்கத்தில் நல்ல இடம் கிடைக்கும். ஏர் கிளீனர், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹீட்டர் ஹோஸ்கள், பெட்ரோல் ஹோஸ்கள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வயர்கள் என்று மேலிருந்து வரிசையாக விடுவியுங்கள். பெட்ரோல் ஹோஸ் முனைகளை உடனே போல்ட் வைத்து அடைத்துவிட வேண்டும். காரில் ஏசி இருந்தால் கம்ப்ரஸரின் கேஸ் குழாய்களைக் கழற்றாதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் போல்ட் நீக்கி, குழாய்களோடு ஓரமாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம்.

அடுத்தது காருக்கு அடியில் செய்ய வேண்டியவை. ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, காரைக் கையால் வலுவாக அசைத்துப் பார்த்த பிறகே அடியில் தலையை நுழையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நொடிகூட அடியில் போகக் கூடாது. சைலன்சர் குழாயை மேனிஃபோல்டிலிருந்து விடுவிக்கும் நட்டுகள் துருப்பிடித்திருக்கும். முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுவது நல்லது. கியர் மாற்றும் ராடுகளையும் இங்கேயே கழற்ற வேண்டும்.

கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுகளை எடுக்க, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை. கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட்டை விடுவித்து, சக்கரப் பகுதியை வெளியே சாய்த்தால், உள்முனையை கியர்பாக்ஸிலிருந்து எடுத்துவிடலாம். அங்கே ஒரு வளையம் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இழுத்தால் ரப்பர் பூட்டுக்குள் ஜாயின்ட் பிரிந்துவிடும். கியர்பாக்ஸ் ஓட்டுக்கும் ஜாயின்ட்டின் கிண்ணத்துக்கும் இடையில் நெம்புகோலை வைத்து, சட்டென்று ஒரு நெம்பு நெம்பினால் 'டக்'கென்று வெளியே வரும். வரும்போது ஷாஃப்ட்டின் பற்கள் ஆயில் சீலின் உதட்டைக் கிழிக்காமல் நேராக வெளியே எடுங்கள்.

இப்போது செயினை இன்ஜினின் தூக்கு வளையங்களில் மாட்டி, எடையைச் செயின் ஏற்றுக்கொள்ளும் வரை இழுத்துவிட்டு, அதன் பிறகே மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். தூக்கத் தொடங்கும் முன் இருவரும் தனித்தனியாக ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். கழற்ற மறந்த ஒரு வயர் எப்போதும் இருக்கும், பெரும்பாலும் அது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையாகவோ ரிவர்ஸ் லைட் வயராகவோ இருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, சாண் சாணாக உயர்த்துங்கள். ஒருவர் செயினை இழுக்க, மற்றவர் இன்ஜின் எங்கும் இடிக்காமல் கையால் வழிநடத்த வேண்டும். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. வெளியே வந்ததும் முக்காலியின் கீழிருந்து காரைப் பின்னுக்குத் தள்ள வசதியாக, தூக்கத் தொடங்கும் முன்பே பால் ஜாயின்ட்டுகளைத் திரும்பப் பொருத்தி, முன்சக்கரங்களையும் மாட்டிக் காரைத் தரையில் இறக்கி வைத்திருங்கள்.

இன்ஜின் வெளியே இருக்கும்போது

இந்தக் கட்டத்தில்தான் புதியவர்களுக்குப் பொறுமை குறைகிறது. வாங்கி வந்த இன்ஜினை அப்படியே ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கும் இருந்தது. ஆனால் நூறு, இருநூறு ரூபாய் மதிப்புள்ள ஓர் ஆயில் சீலுக்காக இதே இன்ஜினை மறுபடியும் இறக்குவது எவ்வளவு வேதனை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்து, கிளட்ச்சையும் ஃபிளைவீலையும் கழற்றினால் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் தெரியும். காரில் இன்ஜின் இருக்கும்போது எட்ட முடியாத இடம் அது. ஒழுகுகிறதோ இல்லையோ, புதிதாகப் போட்டுவிடுங்கள். சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். முன்பக்கத்தில், கிராங்கையும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், கேம், கிராங்க் முன் சீல்களையும், வாட்டர் பம்பையும் மாற்றுங்கள். வாங்கி வந்த இன்ஜினின் டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்றவருக்கே தெரியாது.

டைமிங் பெல்ட்டைப் போடும்போது கிராங்க் பல்சக்கரத்தின் குறியும் கேம் பல்சக்கரத்தின் குறியும் தத்தம் எதிர்க்குறிகளோடு நேராக நிற்க வேண்டும். டென்ஷனரை இறுக்கிய பின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் தவறியிருந்தாலும் முழுதும் கழற்றித் திரும்பப் போடுங்கள். 'கிட்டத்தட்ட சரி' என்பது இங்கே சரியில்லை.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுவது நல்லது. கிளட்ச் பிளேட்டுக்கு முன், பின் உண்டு. நடுவில் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். ஃபிளைவீல் முகத்தையும் பிளேட்டையும் எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்துவதற்கென்று ஒரு வழிகாட்டிக் கம்பி கடைகளில் கிடைக்கும். பழைய கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் அதுவே போதும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பழைய மவுண்டிங் ரப்பர்களில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாகவே அதிர்வு அதிகம். தளர்ந்த மவுண்டிங்கோடு சேர்ந்தால் ஸ்டியரிங்கே நடுங்கும். கியர்பாக்ஸின் டிரைவ் ஷாஃப்ட் சீல்கள் இரண்டையும், தெர்மோஸ்டாட்டையும், ரேடியேட்டர் ஹோஸ்களையும் இந்தச் சமயத்திலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். காலியான இன்ஜின் அறையைக் கழுவித் துடைத்து, துருவிருந்தால் தேய்த்து பெயிண்ட் அடிக்கவும் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

கியர்பாக்ஸைச் சேர்த்து ஏற்றுதல்

கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும்போது இரண்டு விரற்கடை இடைவெளியில் நின்றுவிடும். புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இது. போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினால் தானாக நெருங்கி வந்துவிடும் என்று தோன்றும். அப்படி இறுக்கினால் கியர்பாக்ஸின் அலுமினிய ஓடு விரியும், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். கையால் தள்ளியே இரண்டு முகங்களும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பிளேட் நடுவில் இல்லை, அல்லது ஷாஃப்ட்டின் பற்கள் பொருந்தவில்லை. கியரை விழவைத்து, டிரைவ் ஷாஃப்ட் துளை வழியாக உள்ளே சிறிது சுற்றினால் பற்கள் பொருந்தி உள்ளே போகும். அதுவரை கியர்பாக்ஸின் எடை கிளட்ச் பிளேட்டில் தொங்காமல் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும்.

ஏற்றும் வரிசை, கழற்றிய வரிசைக்கு நேர் எதிரானது. மவுண்டிங் போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் கையால் திருப்பி வைத்துவிட்டு, இன்ஜின் தன் இடத்தில் நிம்மதியாக அமர்ந்த பிறகு இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் அடுத்ததன் துளை நேருக்கு வராது. டிரைவ் ஷாஃப்ட்டை உள்ளே தள்ளும்போது வளையம் விழும் ஓசை கேட்க வேண்டும். பிறகு மெல்ல இழுத்துப் பார்த்து, அது வெளியே வராததை உறுதி செய்யுங்கள். கிளட்ச் பெடலில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வெற்று அசைவு இருக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள்.

எர்த் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை நான் இந்த வேலையைச் செய்தபோது, என் தம்பி சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் முனகியபடி மெதுவாகச் சுற்றியது, அதே நேரத்தில் கிளட்ச் கேபிளின் உறை உருகிப் புகைய ஆரம்பித்தது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தோம். ரப்பர் மவுண்டிங்குகளில் அமர்ந்திருக்கும் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் வேறு நல்ல இணைப்பு இல்லாததால், ஸ்டார்ட்டர் இழுக்கும் அவ்வளவு மின்சாரமும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிப் போக முயன்றிருக்கிறது. பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, கழற்றிய நாளிலேயே அதன் பெயரைத் தனித்தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டி வைப்பது என் வழக்கமாகிவிட்டது.

முதல் ஸ்டார்ட்

இன்ஜின் ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் குறி வரையிலும், கியர் ஆயிலை அதன் அளவுத் துளை வரையிலும் ஊற்றுங்கள். கியர் ஆயில் ஊற்றாமல் ஓட்டிக் கியர்பாக்ஸைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊர்த் தண்ணீரில் உள்ள உப்பு, உள்வழிகளில் படிந்து அடைத்துவிடும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுங்கள்.

பேட்டரியில் பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் இணைத்த பின், பிளக்குகள் இல்லாமல், காயிலின் இணைப்பைப் பிடுங்கிய நிலையில், எம்.பி.எஃப்.ஐ. காரில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பத்துப் பத்து விநாடிகளாக இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்தால் பம்ப் ஆயிலை மேலே கொண்டுவந்துவிட்டது என்று பொருள். விளக்கு அணையாமல் இன்ஜினை ஓடவிடக் கூடாது. பிறகு பிளக்குகளையும் இணைப்புகளையும் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இன்ஜினில் பிளக் வயர்களின் வரிசை 1-3-2 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து ஆயில் விளக்கையும் வெப்பமானியையும் பார்க்க, மற்றவர் டார்ச்சோடு ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடக்கத்திலேயே திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் தள்ளி வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று குமிழ்குமிழாக வெளியேறும். அளவு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வந்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறியதும் மூடிவிடுங்கள். அதன் பிறகு, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை தானாகச் சுழன்று நிற்கும் வரை இன்ஜின் ஓடட்டும். அந்த விசிறி சுழலாத காரைச் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். திரும்பி வந்து ஆற விட்டு, ஆயில், கூலன்ட் அளவுகளைப் பார்த்து, மவுண்டிங், பால் ஜாயின்ட், சைலன்சர் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றிவிட்டால், வாங்கி வந்த இன்ஜினுக்குள் தேங்கியிருந்த கசடு அதோடு போய்விடும்.

காகித வேலை

இன்ஜின் எண் மாறியதை ஆர்.சி.யில் பதிவு செய்வது கட்டாயம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், என்னென்ன படிவங்கள், எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொண்டு, அனுமதி பெற்ற பின் வேலையைத் தொடங்குவதே என் பரிந்துரை. இன்ஜின் வாங்கிய ரசீது, அது வந்த காரின் ஆர்.சி. நகல், உங்கள் ஆர்.சி., காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றோடு காரை ஆய்வாளரிடம் காட்ட வேண்டியிருக்கும். தனியார் கார்களுக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள்தான், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இன்று ஓடும் மாருதி 800களில் பெரும்பாலானவை இந்தப் புதுப்பிப்புக்கு வருபவை. ஆய்வின்போது எண் ஒத்துப்போகாவிட்டால் புதுப்பிப்பு நின்றுவிடும்.

ஆர்.சி. திருத்தப்பட்டதும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பாலிசியில் புதிய எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்கும் கடையில் கொடுங்கள். இறக்கிய இன்ஜினிலிருந்து நல்ல ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் போன்றவற்றைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் பிளாக்கை இரும்புக் கடையில் போடும்போது, அதன் எண்ணை எழுதி ஒரு ரசீது வாங்கி ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.